பழைய பிக்கப்பின் சஸ்பென்ஷன்: கையில் இருக்கும் பணத்தில் எதை முதலில் மாற்றுவது, எதை நாமே செய்வது

கேள்வி சுருக்கமாக இது: நிறைய ஓடிய பழைய பிக்கப் வண்டி. மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்று அடிக்கிறது, பின்னால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், ஆர்ம் புஷ், நான்கு ஷாக், ஸ்டெபிலைசர் லிங்க், பின் பட்டை என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அத்தனைக்கும் கையில் பணம் இல்லை. எதை முதலில் மாற்றுவது, எதை நானே செய்துகொள்ளலாம்?

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகவும் படிக்காதீர்கள், விலையை வைத்தும் படிக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நேராக ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும்போது இது உடைந்தால் சக்கரம் எங்கே போகும்? சக்கரத்தை ஆர்மோடு (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை) கோர்க்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும், வண்டியின் முன்மூலை தரையில் உட்காரும். ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டான டை ராடு எண்ட் கழன்றால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் சம்பந்தமே இருக்காது. பின்னால் இருக்கும் கமான் பட்டைகளில் முதன்மையான மெயின் பட்டை, சட்டத்தில் மாட்டும் அதன் நுனி வளையமான காதோடு ஒடிந்தால் பின் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி தானாகத் திரும்பும். வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் உடைந்தால்? வளைவில் வண்டி கொஞ்சம் கூடுதலாகச் சாயும், அவ்வளவுதான். குலுக்கலை அடக்கும் ஷாக் செத்துப்போனாலும் சக்கரம் அதன் இடத்திலேயே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், நம் காது சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிரானது. அதிகமாகச் சத்தம் போடுவது பெரும்பாலும் லிங்கும், ஆர்ம் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும்தான். தேய்ந்த பால் ஜாயிண்ட் பல நேரங்களில் சத்தமே போடாது, ஏனென்றால் வண்டியின் எடை அதை எப்போதும் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கும். சத்தத்தைத் துரத்திக்கொண்டு போய் முதல் பணத்தை லிங்கில் போட்டுவிட்டு, 'சத்தம் போச்சு, வண்டி சரியாயிடுச்சு' என்று நிம்மதியாக ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருப்பது அவர்களை நினைத்துத்தான்.

அதனால் முதல் வேலை எதையும் வாங்குவதல்ல. ஒரு முழு நாள் ஒதுக்கி, பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் நீங்களே கையால் தொட்டுப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை. முதல் நாளே அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். சேறு மூடிய வண்டியில் விரிசலும் தெரியாது, கசிவும் தெரியாது.

ஆனால் வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு சின்ன சீல் நழுவினால் போதும், வண்டி இறங்கிவிடும். கெட்டியான சமதளத் தரை, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் தரமான இரண்டு ஸ்டாண்டு. கழற்றிய சக்கரத்தையும் சேசிஸுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகு, அடியில் போகும் முன் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக அசைத்துப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். பணம் நெருக்கடியாக இருக்கும்போது ஸ்டாண்டு வாங்குவதைத் தள்ளிப்போடத் தோன்றும். எதைத் தள்ளிப்போட்டாலும் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது பால் ஜாயிண்ட். இதில் நிறையப் பேர் ஏமாறுவது ஜாக்கி வைக்கும் இடத்தில்தான். பெரும்பாலான பிக்கப்களில் முன் ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ (முறுக்கப்பட்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி) கீழ் ஆர்மைத்தான் அழுத்துகிறது. எடையைச் சுமப்பது கீழ் பால் ஜாயிண்ட். சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயிண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ஜாயிண்டும் புதுசு போலக் காட்டும். அதனால் ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்து, டயர் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். காவலுக்கு ஸ்டாண்டு சேசிஸுக்கு அடியில் இருக்கட்டும். ஸ்பிரிங் மேல் ஆர்மில் உட்கார்ந்திருக்கும் வண்டியாக இருந்தால் கதை மாறும். அங்கே எடை சுமப்பது மேல் ஜாயிண்ட், சேசிஸிலிருந்து தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

தூக்கியபின் ஒரு நீளமான லிவரையோ சின்னக் கடப்பாரையையோ டயருக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கி மெதுவாக நெம்பச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச்சோடு ஜாயிண்டின் பக்கத்தில் இருங்கள். பார்க்க வேண்டியது டயரை அல்ல, நக்கிளுக்கும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) ஆர்முக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு விரல்கடை இடைவெளியை. ஒவ்வொரு நெம்பலுக்கும் ரப்பர் பூட் சுருங்கி விரிகிறதா, நக்கிள் தனியாக ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். விரலை ஜாயிண்டின் மேல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத 'டிக்' கூட விரலில் தெரியும். பூட் கிழிந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் செங்கல் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்த் துருப்பிடித்துவிட்டது என்று பொருள். இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அதற்கு ஆயுள் அதிகம் இல்லை. சில ஜாயிண்டுகளில் கிரீஸ் நிப்பிளைச் சுற்றி ஒரு சின்ன வளையம் புதிதாக இருக்கும்போது 1.27 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அது மட்டத்துக்குள் போய்விட்டால் மாற்ற வேண்டியதுதான். அந்த வகையை மட்டும் சக்கரம் தரையில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். எவ்வளவு ஆட்டம் வரை பரவாயில்லை என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் போட்டிருப்பார்கள்.

சக்கரம் தூக்கியே இருக்கும்போது மேலும் கீழுமாகப் பிடித்து, அதாவது கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடத்தில், உள்ளே வெளியே அசையுங்கள். ஆட்டம் வந்தால் அது ஜாயிண்டாகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் ஜாயிண்ட். 9, 3 இருக்கும் இடத்தில் பிடித்து அசைத்தால் டை ராடு எண்டின் ஆட்டம் தெரியும். ஆனால் டை ராடுக்கு இதைவிட நம்பகமான வழி, வண்டியைத் தரையில் இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கால் சுற்றுக்கும் குறைவாக, விட்டு விட்டுத் திருப்பச் சொல்வது. வண்டி நியூட்ரலில் அல்லது பார்க்கில் இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை இருக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டையும் கையால் பொத்திப் பிடித்துப் பாருங்கள். நல்ல மூட்டில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகரும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் முதலில் நகர்ந்து, ஒரு நொடித் துளி கழித்துத்தான் மறுபக்கம் கிளம்பும். ஒருமுறை கையில் அதை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது.

பின்பக்கம் வாருங்கள். சாய்ந்து நிற்கும் வண்டியில் முதலில் டயர் காற்றைச் சரிசெய்யுங்கள், சரக்கை இறக்குங்கள், சமதளத்தில் நிறுத்துங்கள். அப்புறம் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, கமான் பட்டையின் முன்காது போல்ட்டிலிருந்து பின் ஆக்ஸிலின் நடு வரை இரண்டு பக்கமும் அளங்கள். இந்த இரண்டாவது அளவு முக்கியம். இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால், பட்டைகளை ஒன்றாகக் கோர்க்கும் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்ஸில் நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பின்னாலிருந்து பார்ப்பவர்கள் 'வண்டி கோணலா ஓடுது' என்று சொல்வது இதைத்தான். சென்டர் போல்ட் தானாக உடைவதில்லை. பட்டையை ஆக்ஸிலோடு கட்டிப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்து, ஆக்ஸில் பட்டை மேல் சறுக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த அடி முழுவதும் அதன் மேல் விழுகிறது. யு போல்ட்டின் ஓரத்தில், பட்டைகளுக்கு நடுவில் பளபளவென்று தேய்ந்த கோடோ துருப்பொடியோ தெரிந்தால் அது தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு விரிசல் தேடுங்கள். சென்டர் போல்ட் துளை இருக்கும் இடமும் காதின் வளைவும் அடிக்கடி ஒடியும் இடங்கள். பட்டையைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டையும், அது சேசிஸோடு சேரும் இடத்தையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு தின்ற இரும்பு மொத்தென்று சத்தம் கொடுக்கும்.

ஒடிந்த பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. பட்டையின் வலிமையே அதற்குக் கொடுத்த பதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தை அந்த இடத்தில் அழித்துவிடும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும். துணைப் பட்டை ஒன்று ஒடிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி கட்டலாம். செட் முழுவதும் தளர்ந்து தொய்ந்திருந்தால் வளைவு ஏற்றித் தரும் பட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய செட் கிடைத்தால் அதுவும் சிக்கனமான வழிதான். தொய்ந்த செட்டில் கூடுதலாக ஒரு பட்டை சொருகுவது உயரத்தைத் தரும், ஆனால் காலி வண்டியில் முதுகு உடையும் அளவுக்கு விறைப்பாகிவிடும்.

ஆர்ம் புஷ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ரப்பரின் மேல்தோலில் வெடிப்பு இருப்பது வயதின் அடையாளம், அதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. ரப்பர் உள் குழாயிலிருந்து பிரிந்துவிட்டதா, கடப்பாரையால் நெம்பினால் ஆர்ம் முன்னும் பின்னும் தாராளமாக நகர்கிறதா என்பதுதான் கணக்கு. பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ காத்திருக்கக்கூடிய வேலைகளில் புஷ் வேலை முதலில் வரும். ஷாக்கின் உடம்பில் லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் விட்டுவிடுங்கள். வழிந்து சொட்டினால் போய்விட்டது. ஒரு எளிய சோதனை: கரடுமுரடான பாதையில் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி நான்கு ஷாக்கையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஷாக்கின் வேலையே அசைவைச் சூடாக மாற்றுவது. மற்றவை வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை. டயரில் மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்மானம் விழுந்திருந்தால் ஷாக்கைத் தள்ளிப்போட முடியாது, ஏனென்றால் மிச்சம் பிடித்த பணத்தை டயர் தின்றுவிடும். லிங்க்கா வேறா என்று சந்தேகமாக இருந்தால் இரண்டு லிங்கையும் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, சத்தம் வரும் பாதையில் மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான்.

இந்த ஆய்வு முடிந்தால் ஒர்க்‌ஷாப் பட்டியல் உங்கள் கையில் வேறு வடிவத்தில் இருக்கும். பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், வீல் பேரிங், யு போல்ட், சென்டர் போல்ட், மெயின் பட்டை, சேசிஸ் பிராக்கெட் இவற்றில் எதிலாவது குறை உறுதியானால் வண்டி அன்றே நிற்க வேண்டும். 'மெதுவா ஓட்டிக்கலாம்' என்பது இவற்றுக்குப் பொருந்தாது. மற்றவை காத்திருக்கும். காத்திருக்கும் காலத்தில் சரக்கைக் குறைத்து ஏற்றுங்கள், டயர் காற்றைச் சரியாக வையுங்கள், கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளுக்கு எல்லாம் கிரீஸ் அடியுங்கள்.

செலவைக் குறைப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய வழி, வேலைகளைச் சேர்த்துச் செய்வதுதான். முன்பக்கத்தில் டை ராடு, ஆர்ம், பால் ஜாயிண்ட் எதைத் தொட்டாலும் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும். இந்த மாதம் டை ராடு, அடுத்த மாதம் பால் ஜாயிண்ட், அதற்கடுத்த மாதம் புஷ் என்று பிரித்தால் அலைன்மெண்ட் கூலி மூன்று முறை. ஆபத்தான நிலையில் எதுவும் இல்லையென்றால் பணம் சேரும் வரை பொறுத்து முன்பக்கத்தை ஒரே மூச்சில் முடித்து, ஒரே ஒரு அலைன்மெண்ட் பாருங்கள். பின் பட்டையையும் ஷாக்கையும் தனியாக எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

இன்னொரு கணக்கு. புஷ்ஷை மட்டும் வாங்கினால் மலிவு. ஆனால் அதைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி ஏற்றக் கூலி உண்டு, பாதி நாளும் போகும். புஷ்ஷும் பால் ஜாயிண்டும் சேர்ந்தே வரும் முழு ஆர்ம் உங்கள் வண்டிக்குக் கிடைக்கிறதா என்று விலை கேட்டுப் பாருங்கள். ஜாயிண்டையும் புஷ்ஷையும் தனித்தனியாக வாங்கிக் கூலியும் கொடுக்கும் தொகைக்குப் பக்கத்திலேயே பல நேரம் அது வந்துவிடும். வேலையும் நான்கு போல்ட்டில் முடியும். தரத்தைப் பொறுத்தவரை, பால் ஜாயிண்டிலும் டை ராடிலும் மலிவைத் தேடாதீர்கள், பெயர் தெரியாத டப்பாவில் வருவதைத் தொடவே தொடாதீர்கள். லிங்க், ஷாக் புஷ், பம்ப் ஸ்டாப் ரப்பர் இவற்றில் மலிவானது போதும். போனால் இன்னொரு முறை மாற்றிக்கொள்ளலாம். பழைய கடையில் பட்டை செட் வாங்கலாம், வளைவில்லாத வெறும் ஆர்ம் வாங்கலாம். பழைய பால் ஜாயிண்டையும் பழைய யு போல்ட்டையும் வாங்கக் கூடாது. ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். நான்குக்கும் பணம் இல்லையென்றால் முன் இரண்டு ஒரு முறை, பின் இரண்டு இன்னொரு முறை.

எதை நீங்களே செய்யலாம்? ஷாக், லிங்க், டை ராடு எண்ட், யு போல்ட், பட்டை செட், போல்ட்டில் மாட்டும் பால் ஜாயிண்ட் இவையெல்லாம் பொறுமையும் நல்ல ஸ்பேனரும் உள்ள எவரும் செய்யக்கூடியவை. காயில் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுவதை மட்டும் வீட்டில் முயலாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொல்லும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரட்டைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கையில் எடுத்துப்போய் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டு வந்தால் கூலி குறையும். சேசிஸில் விரிசல் இருந்தாலும் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். ஏர் பிரேக் உள்ள கனரக லாரியாக இருந்தால் பின் பிரேக் சேம்பருக்குள் பெரிய ஸ்பிரிங் ஒன்று அமுங்கிய நிலையில் இருக்கிறது. அந்த சேம்பரைத் திறக்கவே கூடாது.

வேலைக்கு முந்தைய நாள் மாலையே எல்லா நட்டின் மரைகளையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை. இந்தப் பத்து நிமிடம் மறுநாள் மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்தும். கழற்றும் முன் ஒவ்வொரு கோணத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ம் போல்ட்டில் அலைன்மெண்டுக்கான துளை நடுவில் இல்லாத வாஷர் இருந்தால் அது நிற்கும் இடத்தை உளியால் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். பட்டையின் முன்காது போல்ட் வெளியே வரும் வழியில் டீசல் டேங்க் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பாருங்கள். பாதியில் கண்டுபிடித்தால் டேங்கை இறக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

டை ராடு எண்ட்: எண்டை இறுக்கிப் பூட்டியிருக்கும் செக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். புதிதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். கூடவே பந்தின் நடுவிலிருந்து ராடில் ஒரு குறி வரை அளந்தும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புது எண்டின் நீளம் சில மில்லிமீட்டர் மாறலாம். இது அலைன்மெண்டுக்குப் பதில் அல்ல, அலைன்மெண்ட் செய்யும் இடம் வரை பத்திரமாகப் போய்ச்சேர்வதற்கு.

டேப்பரில் (நுனி நோக்கிச் சிறுத்துப்போகும் துளை) இறுகிய மூட்டின் தண்டை விடுவிக்க, நட்டை முழுவதும் கழற்றாமல் நான்கைந்து மரை பிடித்திருக்கும்படி விட்டு, தண்டின் நுனியில் அடிக்காமல், அது நுழைந்திருக்கும் நக்கிளின் காதில் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலை முட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த அதிர்ச்சியில் துளை ஒரு கணம் நெளிந்து பிடியை விடும், 'டப்' என்று இறங்கும். நட்டு அங்கே இருப்பதால் எதுவும் உங்கள் மேல் விழாது. கவட்டை உளி அடித்தும் பிரிக்கலாம், ஆனால் அது பூட்டைக் கிழித்துவிடும். தூக்கிப்போடப் போகும் ஜாயிண்டுக்கு மட்டும் அது சரி. ஸ்பிரிங் கீழ் ஆர்மை அழுத்தும் வண்டியில் பால் ஜாயிண்ட் எதைப் பிரித்தாலும் ஜாக்கி கீழ் ஆர்மைத் தாங்கியபடியே இருக்க வேண்டும். அந்த ஆர்மின் மேல் ஸ்பிரிங்கின் முழு விசையும் இருக்கிறது. டார்ஷன் பார் வண்டியாக இருந்தால் அட்ஜஸ்டர் போல்ட்டின் நிலையை அளந்து குறித்துக்கொண்டு முதலில் அதைத் தளர்த்திவிடுங்கள். டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பிரேக் காலிப்பரைக் கழற்றினால் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது.

புது ஜாயிண்டின் டேப்பரை ஏற்றும்போது தண்டையும் துளையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து உலர்வாக மாட்டுங்கள். அந்த உராய்வுதான் அதைப் பிடித்து வைக்கிறது. நட்டை மேனுவல் சொல்லும் டார்க் (இறுக்க அளவு) வரை இறுக்கி, நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னின் துளை பொருந்தாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பொருத்துங்கள். பின்னால் தளர்த்திப் பொருத்தவே கூடாது. ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதிது.

ஆர்ம் புஷ்ஷுக்கும் பட்டைக் காது புஷ்ஷுக்கும் பொருந்தும் ஒரு விஷயத்தை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். முதல் தடவை கீழ் ஆர்ம் மாற்றியபோது, வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் முழுவதும் இறுக்கிவிட்டு இறக்கினேன். வண்டி விறைப்பாக நின்றது. ஒரு வருடம் ஆவதற்குள் புது ரப்பர் பிய்ந்து வந்துவிட்டது. குறை பாகத்தில் இல்லை, நான் இறுக்கிய நேரத்தில். ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடிக்க, ரப்பர் முறுக்கிக்கொடுத்துத்தான் ஆர்ம் ஏறி இறங்குகிறது. ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டே இருக்கும். அதனால் எல்லாவற்றையும் கையிறுக்கமாக மாட்டி, சக்கரம் போட்டு, வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கி அதன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கு கொடுங்கள். அடியில் இடம் போதாவிட்டால் நான்கு சக்கரத்தையும் கெட்டியான சாய்தளத்தில் ஏற்றிச் செய்யலாம், இல்லையென்றால் ஆர்மை ஜாக்கியால் அந்த உயரத்துக்குத் தூக்கிவைத்து இறுக்கலாம். சஸ்பென்ஷன் வேலையில் நான் ஒன்றே ஒன்றைச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

யு போல்ட் இறுக்கும்போது இழுபட்டு நீளும் பாகம், அதனால் கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, மூன்று நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக டார்க் ரெஞ்சால் ஏற்றுங்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையின் குழிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இறுக்கும் முன் பார்த்துவிடுங்கள். ஷாக் மாட்டுவது எளிது. புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுவதும் இழுத்து அமுக்கிவிட்டு மாட்டினால் உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும். பின் ஷாக்கைக் கழற்றும் முன் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி இருக்கட்டும். சில வண்டிகளில் ஆக்ஸில் கீழே இறங்காமல் பிடித்திருப்பதே அந்த ஷாக்தான்.

முடித்த பிறகு, காலிப்பரைத் தொட்டிருந்தால் கிளம்பும் முன் பிரேக் பெடலை அது கெட்டியாகும் வரை மிதியுங்கள். முதல் ஓட்டம் மெதுவாக, ஆள் இல்லாத பாதையில். வந்து நிறுத்தியதும் டார்ச் எடுத்துக்கொண்டு ஒருமுறை குனிந்து பாருங்கள். நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளையும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யு போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிய ஆரம்பித்ததும் யு போல்ட் நிச்சயம் கொஞ்சம் இளகியிருக்கும்.

உங்கள் வண்டிக்கு வந்தால், நான் இப்படிப் போவேன். இந்த வாரம் ஆய்வு மட்டும். டை ராடிலோ கீழ் பால் ஜாயிண்டிலோ ஆட்டம் உறுதியானால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை அங்கே போட்டு, அதோடு அலைன்மெண்ட். அவை நன்றாக இருந்தால் முதல் பணம் பின் பட்டைக்கும் புது யு போல்ட்டுக்கும், ஏனென்றால் சாய்ந்து நிற்கும் வண்டி ஏதோ ஒரு பட்டை ஒடிந்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அடுத்தது ஷாக். 'டக் டக்' சத்தம் லிங்கிலிருந்துதான் வருகிறது என்று கழற்றிப் பார்த்து உறுதியானால், அது பட்டியலின் கடைசியில் நிம்மதியாகக் காத்திருக்கட்டும். ஆய்வில் எடுத்த அளவுகளையும் படங்களையும் இங்கே போட்டால், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று நானும் சேர்ந்து பார்க்கிறேன்.